மால்ட்டாவோட தேசியச் செடி ரவுண்டானால பூக்குது, அப்போ பொழச்சிருச்சுன்னு அர்த்தமா?

வலேட்டாவாசி

வணக்கம் மக்களே. வேலைக்காக மால்ட்டா வந்து இங்கயே செட்டில் ஆனவன் நான், செடி கொடி பத்தி பெருசா ஞானம் கிடையாது, ஆனா ஒரு விவகாரம் மண்டையைக் குடையுது. ஆபீஸ் போற வழில ஒரு ரவுண்டானா, நடுவுல கல்லு கொட்டி அழகுக்குச் செடி வச்சிருக்காங்க. அதுல ஒண்ணு முட்டிக்கால் உயரத்துக்குப் புதரா நிக்கும், இலையெல்லாம் கரண்டி வடிவத்துல தடிச்சு பளபளன்னு இருக்கும், வெயில் காலம் தொடங்குறப்போ நீளக் காம்பு நுனில ஒத்தை ஒத்தையா ஊதாப் பூ. பாக்க நம்ம ஊர் குசும்பாப் பூ சாயல்தான், முள்ளு மட்டும் இல்ல.

கூட வேலை பாக்குற மால்ட்டாக்காரர் சொல்றாரு, இதுதான் எங்க தேசியச் செடி, விட்நெத் இல்-பஹர்னு பேரு, உலகத்துலயே எங்க தீவைத் தவிர எங்கயும் இல்ல, ரொம்ப அரிதுன்னு. நான் சிரிச்சுட்டேன். பஸ் ஸ்டாப் பக்கத்துல பத்து நிக்குது, இது எப்படி அரிதாகும்னு கேட்டேன். மனுஷன் மூஞ்சி சுருங்கிப் போச்சு, அப்புறம் பேசவே இல்ல. நெஜமாவே கேக்குறேன், ரவுண்டானால நடுற அளவுக்கு இருக்குற செடி எப்படி அரிய செடி ஆகும்? யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செடிகிறுக்கன்

ஆஹா நம்ம ஏரியா. ப்ரோ நீங்க பாத்தது கைரோலோஃபஸ் கிராஸிஃபோலியஸ், இங்கிலீஷ்ல மால்ட்டீஸ் ராக் சென்டாரின்னு சொல்லுவாங்க. சூரியகாந்தி குடும்பம், அதுலயும் குசும்பா இருக்குற கிளைதான், நீங்க சாயல் சொன்னது சும்மா இல்ல. மால்ட்டா, கோஸோ ரெண்டு தீவோட மேற்கு தெற்கு கடலோரச் செங்குத்துப் பாறைலயும் கடலைப் பாத்து எறங்குற சில பள்ளத்தாக்குலயும் மட்டும்தான் தானா வளருது. அந்த நாடே மொத்தம் 316 சதுர கிலோமீட்டர், நம்ம சென்னை மாநகராட்சி அதைவிடப் பெருசு, அதுலயும் கரையோரப் பாறைன்னா எவ்ளோ இடம் மிஞ்சும்னு யோசிச்சுப் பாருங்க.

ரவுண்டானால இருக்கறது நர்சரில வளர்த்தது. விதை போட்டா வரும், கிளையை வெட்டி வச்சாலும் வேர் பிடிக்கும், தண்ணி தேங்காம வெயில் நல்லா விழுந்தா போதும். வளர்க்க ஈஸியான செடி, ஆனா தானா வளர்ற இடம் கம்மி. அரிதுங்கறது அந்த ரெண்டாவது விஷயத்தை வச்சுத்தான்.

மீனாக்கா_மாடித்தோட்டம்

இலை போட்டோ தேடிப் பாத்தேனுங்க, என்ன அழகு! வலேட்டா தம்பி, ஊருக்கு வரும்போது கொஞ்சம் விதை கொண்டு வர முடியுமா? இல்லைன்னா ஒரு கிளை ஒடிச்சு ஈரத்துணில சுத்திக் கொண்டாந்தாக்கூடப் போதும், மீதிய நான் பாத்துக்கறேன். கூரியர் செலவு கொடுத்தர்றேனுங்க.

பைரவி_தாவரவியல்

அக்கா தப்பா நினைக்காதீங்க, அதை மட்டும் செய்யச் சொல்லாதீங்க. அது அங்க சட்டப்படி பாதுகாக்கப்பட்ட செடி, காட்டுல இருந்து ஒடிச்சா கேஸ் ஆகும். ஐரோப்பிய யூனியன்ல 2004ல மால்ட்டா சேர்ந்தப்போ அவங்க வாழிடப் பாதுகாப்புச் சட்டத்தோட பட்டியல்ல இந்தச் செடியும் ஏறிடுச்சு. இந்தியாவுக்குள்ள நடுறதுக்கு விதை கொண்டு வரணும்னாலும் இறக்குமதி பெர்மிட்டும் பைட்டோசானிட்டரி சர்டிபிகேட்டும் (நோய், பூச்சி இல்லைங்கற சான்று) வேணும், பெட்டிக்குள்ள துணில சுத்திக் கொண்டு வர்ற கதையெல்லாம் செல்லாது.

அதுபோக, அது வளர்ற ஊர்ல மழை பூரா குளிர்காலத்துல, கோடை சுத்தமா காய்ஞ்சு கிடக்கும், ராத்திரி கடல் காத்து. நம்ம புழுக்கத்துலயும் ஐப்பசி கார்த்திகை அடைமழைலயும் தொட்டில வச்சா வேர் அழுகிடும்னுதான் எனக்குத் தோணுது.

மீனாக்கா_மாடித்தோட்டம்

சரிங்க டீச்சர், திட்டாதீங்க. ஆசைப்பட்டது குத்தமா 😄 படம் பாத்தே திருப்திப்பட்டுக்கறேன்.

வரப்பு

எனக்கு ஒண்ணு புரியல. செடிகிறுக்கன் சொல்றபடி பாத்தா விதை போட்டா வருது, கிளை வச்சா வருது, நர்சரில விக்குறாங்க, ரோட்டோரம் நடுறாங்க. அப்புறம் எதுக்கு அழிவின் விளிம்புன்னு இத்தனை அலம்பல்? பாறைல இருந்தா என்ன ரவுண்டானால இருந்தா என்ன, செடி செடிதான. எண்ணிக்கை கூடிருச்சா இல்லையா, அதைப் பாருங்க. அந்த ஊர்ல வீட்டு வாடகை எகிறி ஜனங்க அல்லாடுறாங்க, இவங்க பாறைல தொங்குற செடிக்குச் சட்டம் போட்டுக்கிட்டு.

சுண்ணாம்புக்கல்

வரப்பு அண்ணே கேக்குறது நியாயமான கேள்விதான், ஆனா பதில் சொல்றதுக்கு முன்னாடி அந்தப் பாறையைக் கொஞ்சம் பாக்கணும். மால்ட்டா முழுக்கக் கடலடில படிஞ்ச சுண்ணாம்புக்கல். அடில கெட்டியான பவளச் சுண்ணாம்பு, அதுக்கு மேல மிருதுவான குளோபிஜெரினா கல், அதுதான் தேன் கலர்ல அந்த ஊர் வீடெல்லாம் கட்டுற கல்லு, அதுக்கு மேல நீலக் களிமண், மெல்லிசா பச்சை மணல், உச்சில மறுபடி பவளச் சுண்ணாம்பு. தீவு மேற்குல தூக்கி கிழக்குல சரிஞ்சு கிடக்கறதால மேற்கு ஓரம் செங்குத்தா கடல்ல எறங்குது, டிங்லி பக்கம் கிட்டத்தட்ட 250 மீட்டர் உயரம். இந்தச் செடி அந்த மாதிரிப் பாறை வெடிப்புலதான் வேரை விட்டு உக்காந்திருக்கும், பாறைல இருந்து உடைஞ்சு உருண்ட கல் குவியல்லயும் இருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். எந்தப் பாறைல இந்தச் செடி இருக்கோ அதே ஜாதிப் பாறைதான் குவாரிக்கும் வேணும். ஒரு பக்கம் குவாரி விளிம்பு, மறுபக்கம் கடல். குவாரி வேகம் முன்ன மாதிரி இல்லைன்னு சொல்றாங்க, ஆனா வெட்டுன பாறை திரும்ப வளராதே.

வெள்ளாட்டுக்காரன்

நான் ஒரு கோணம் சொல்றேன். செடி பாறைல இருக்கறது பாறை பிடிச்சுப்போய் இல்ல, வேற எங்க இருந்தாலும் ஆடு தின்னுரும்னு. மால்ட்டால ஒரு காலத்துல ஆடுன்னா அப்படி ஒரு ஆடு, ஊருக்குள்ளயே மந்தையா ஓட்டிட்டு வந்து வீட்டு வாசல்லயே கறந்து குடுப்பாங்க. மால்ட்டா காய்ச்சல்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, பிரிட்டிஷ் சிப்பாய்ங்களை வாட்டி எடுத்துச்சு, அது ஆட்டுப்பால் வழியா வருதுன்னு 1905ல தெமிஸ்டக்ளிஸ் சம்மித்ங்கற மால்ட்டா டாக்டர் ஆட்டு ரத்தத்தைச் சோதிச்சுக் கண்டுபிடிச்சாரு. அவ்வளவு ஆடு மேஞ்ச சின்னத் தீவுல சதைப்பிடிப்பான இலை, முள்ளு வேற கிடையாது, சமதளத்துல விட்டு வைக்குமா? நானும் ஆடு வளர்த்தவன்தான், முள்ளு இருக்குற இலந்தையையே விடாது. ஆடு எட்டாத இடத்துல இருந்ததுதான் மிஞ்சுச்சு.

பைரவி_தாவரவியல்

வெள்ளாட்டுக்காரர் சொல்றதுல பாதிக்கு நான் ஒத்துக்கறேன், பாதிக்கு இல்ல. ஆடு மேய்ச்சல் இந்தச் செடியோட பரப்பைச் சுருக்கியிருக்கலாம். ஆனா ஆடு வர்றதுக்கு முன்னாடியே இது பாறைச் செடிதான்னு நினைக்க நல்ல காரணம் இருக்கு. இதோட சொந்தக்காரங்களைப் பாருங்க. கைரோலோஃபஸ் இனத்துல கிட்டத்தட்ட இருபது வகை கேனரி தீவுல மட்டும் இருக்கு, அதுல பலதும் எரிமலைப் பாறைச் சரிவுல, மலையிடுக்குல வளர்றவை. அந்தத் தீவுக்கு மனுஷனும் ஆடும் போய்ச் சேர்ந்து ரெண்டாயிரம் மூவாயிரம் வருஷத்துக்குள்ளதான் இருக்கும், செடிங்க அங்க பல லட்சம் வருஷமா இருக்கு.

அது ஏன் சமதளத்துல இல்லைன்னா, பாறைச் செடிங்க பொதுவா போட்டிக்கு லாயக்கில்லாதவை. மண்ணு நல்லா இருக்குற இடத்துல புல்லும் புதரும் சேர்ந்து அமுக்கிடும். வெடிப்புல மண்ணு இல்ல, தண்ணி இல்ல, உப்புக் காத்து அடிக்குது, வேற யாரும் வர மாட்டாங்க, இது மட்டும் தாங்கும். ரவுண்டானால நல்லா வருதுன்னா அங்க ஒருத்தர் சம்பளம் வாங்கிட்டு களை பிடுங்குறாரு, அவ்வளவுதான்.

வெள்ளாட்டுக்காரன்

களை பிடுங்குற பாயிண்டு சூப்பருங்க 👌 ஆனா ஆட்டை நான் விடுறதா இல்ல. போட்டி பாதி, ஆடு பாதின்னு வச்சுக்குவோம்.

பலெர்மோ_குமரன்

வணக்கம் உறவுகளே. நான் சிசிலியில, பலெர்மோவில இருக்கிறன். உங்கட கதையை வாசிக்க இஞ்சத்த மரம் ஒண்டு ஞாபகம் வந்திட்டுது. ஸெல்கோவா சிகுலா எண்டு பேர், எல்ம் குடும்பத்து மரம், தென்கிழக்குச் சிசிலியில இபிளேய் மலைப்பக்கம் 1991 இலதான் கண்டுபிடிச்சவை. ரெண்டே ரெண்டு இடம், வேற எங்கயும் இல்லை. காய்க்கும், ஆனா விதை முளைக்காது. வேரில இருந்து கிளைச்சுக் கிளைச்சுத்தான் இருக்குது, அதாவது ஒரு கூட்டம் எண்டால் அது கிட்டத்தட்ட ஒரே மரம் மாதிரித்தான். அதோட பாக்கேக்க உங்கட மால்ட்டாச் செடி எவ்வளவோ குடுத்து வைச்சது. விதை முளைக்குது தானே.

பனிக்காலத்தில கடல் மட்டம் இறங்கேக்க சிசிலியும் மால்ட்டாவும் ஒட்டித்தான் கிடந்தது எண்டும் சொல்லுவினம். பிறகு ஏன் இந்தச் செடி சிசிலியில இல்லை எண்டு எனக்கு ஒரு கேள்வி.

செடிகிறுக்கன்

குமரன் அண்ணா வாங்க வாங்க, கேள்வி அருமை. என் புரிதல் என்னன்னா, இந்த இனத்து விதை தூரமாப் போற விதை இல்ல. விதை உச்சில இருக்குற முடி சீக்கிரம் உதிர்ந்துரும், எருக்கு விதை மாதிரி காத்துல மிதந்து ஊர் ஊராப் போற கதை இதுக்குக் கிடையாது, தாய்ச் செடிக்குக் கீழயே விழுந்து அடுத்த வெடிப்புல சிக்குனா உண்டு. நடுவுல தரை இருந்தாலும் பாறை தொடர்ச்சியா இருக்கணுமே. பாறையை விட்டு வெளிய வராத செடிக்குத் தரைவழி இருந்தும் புண்ணியம் இல்ல.

இன்னொண்ணு, இது பழைய கை. பரம்பரையை ஆராய்ஞ்சு பாத்ததுல, மிச்ச கைரோலோஃபஸ் எல்லாம் ஒரு பக்கம், மால்ட்டா செடி மட்டும் தனியா மறுபக்கம்னு மரத்தோட அடிலயே பிரியுது. கேனரி தீவு வகையெல்லாம் கடைசி 20 லட்சம் வருஷத்துக்குள்ள சடசடன்னு பிரிஞ்ச இளவட்டம். மத்தியதரைக் கடல் சுமார் 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி வத்தி உப்புக்காடாச்சே, அந்தக் காலத்தோட இதை முடிச்சுப் போடறவங்களும் உண்டு.

இதுக்குப் பேர் மாத்துன வரலாறே ஒரு காமெடி. வியத் பாபுன்னு சுர்ரீய் ஊர் பக்கத்துல ஒரு பள்ளத்தாக்கு, அங்க ஸ்டெஃபனோ ஸெராஃபாங்கற மால்ட்டா டாக்டர், பல்கலைக்கழகத்துல இயற்கை வரலாறு சொல்லிக் குடுத்தவரு, அவர்தான் இதை முதல்ல கவனிச்சாரு. 1829ல இத்தாலி போலோன்யால இருந்த பெர்டொலோனிங்கற தாவரவியலாளர் சென்டாரியா கிராஸிஃபோலியான்னு பேர் வச்சாரு. 1973ல டோஸ்டால்னு இன்னொரு தாவரவியலாளர் வந்து இது எதுலயும் சேராது தனி இனம்னு பலேயோசயானஸ்னு ஒரு குடும்ப அட்டையே போட்டுக் குடுத்தாரு, அதுல இது ஒண்ணு மட்டும்தான். 1999ல சுசானாங்கற தாவரவியலாளர் டிஎன்ஏவைப் பாத்துட்டு இது கைரோலோஃபஸ்தான்யான்னு தூக்கி அங்க போட்டாரு. இன்னமும் பழைய அரசாங்கப் பட்டியல்ல நடுப் பேர்தான் இருக்கும், தேடறவங்க மூணு பேர்லயும் தேடுங்க.

பலெர்மோ_குமரன்

நல்ல விளக்கம் தம்பி. பாறைத் தொடர்ச்சி எண்டதை நான் யோசிக்கேல்லை.

வரப்பு

எல்லாம் சரி, கதை நல்லாத்தான் இருக்கு. என் கேள்விக்கு இன்னும் பதில் வரல. ரவுண்டானால ஆயிரம் செடி வச்சா பொழச்சுதா இல்லையா?

சுண்ணாம்புக்கல்

அண்ணே அதுக்கு வேற தீவுல நடந்த ஒண்ணைச் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணுங்க. ஸ்பெயின் பக்கம் மெனோர்க்கான்னு தீவு. அங்க லைசிமேக்கியா மினோரிசென்சிஸ்னு ஒரு சின்னப் பூச்செடி, இலை நரம்பெல்லாம் வெளுத்து, அடிப்பக்கம் ஊதா ஓடி, பாக்க ரொம்ப லட்சணமா இருக்கும். தெற்குல ஒரே ஒரு ஓடைப் பள்ளத்தாக்குல மட்டும் இருந்துச்சு. போன நூற்றாண்டோட முதல் பாதில அங்கயும் இல்லாமப் போச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே தாவரவியல் பூங்காக்காரங்க விதை எடுத்து வச்சிருந்ததால இன்னைக்கும் ஐரோப்பா முழுக்கப் பூங்காவுல தொட்டில ஜம்முனு வளருது, விதையும் நல்லா முளைக்குது. சரி திரும்ப மெனோர்க்காவுல கொண்டு போய் விடலாம்னு 1950கள் கடைசில இருந்து முயற்சி பண்றாங்க. நிக்க மாட்டேங்குது.

தொட்டில இருக்கறதெல்லாம் ரொம்பக் கொஞ்சம் தாய்ச்செடில இருந்து வந்த வாரிசு, மரபு வேறுபாடு கிட்டத்தட்ட இல்லைன்னே சொல்லலாம். இப்ப அந்தச் செடி இருக்கா இல்லையா? அழியுற உயிரினங்களோட சர்வதேசச் சிவப்புப் பட்டியல்ல காட்டில் அற்றுப்போனதுன்னு தனித் தலைப்புல இருக்கு.

வரப்பு

ம்ம். ஆனா தொட்டில வைக்காம விட்டிருந்தா சுத்தமா போயிருக்கும்ல. அப்ப தொட்டிக்காரன் பண்ணது தப்பில்லையே.

சுண்ணாம்புக்கல்

தப்புன்னு யார் சொன்னா? தொட்டி இருக்குன்னு பாறையைக் குவாரிக்கு எழுதிக் குடுத்துறக் கூடாது, அதுதான் சங்கதி. இருப்புப் பணம் பேங்க்ல இருக்குன்னு நிலத்தை வித்தா அப்புறம் பணமும் கரையும். நீங்க வரப்புன்னு பேர் வச்சிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா.

வரப்பு

நல்லா பேசுறய்யா. சரி, பாறையை வெட்டாதீங்கன்னு சொன்னா அது வேற, அதுக்கு நான் எதிரி இல்ல. செடி அரிதுன்னு சொல்லி ரவுண்டானால வச்சு போட்டோ எடுக்கறாங்க பாரு, அதுதான் எனக்கு எரியுது.

பைரவி_தாவரவியல்

இன்னொரு பிரச்சனையும் சொல்லணும், குவாரி மாதிரி கண்ணுக்குத் தெரியாது. காட்டுல இருக்குற செடியெல்லாம் பெரும்பாலும் வயசான புதரா இருக்கு, இளம் நாத்து கம்மி. ஒரு காரணம் காய்க்குள்ள புகுந்து விதையைத் தின்னுற புழு. பூ பூக்கும், தேனீ வரும், எல்லாம் நடக்கும், கடைசில விதை இருக்காது. இன்னொரு காரணம் வெளிய இருந்து வந்து பாறைச் சரிவுல பரவுற செடிங்க. தென்னாப்பிரிக்கால இருந்து வந்த கார்ப்போபுரோட்டஸ், தடிச்ச இலை, பாயா விரிஞ்சு ஒரு சரிவையே மூடிரும். சப்பாத்திக்கள்ளியும் ரயில் கத்தாழையும் அங்கயும் உண்டு, ரெண்டும் அமெரிக்காவுல இருந்து போனது, நம்ம ஊருக்கு வந்த மாதிரியே.

வலேட்டாவாசி, உங்க ரவுண்டானா செடில பூ காய்ஞ்சதும் ஒரு தலையைப் பிரிச்சுப் பாக்க முடியுமா? கீழ விழுந்ததா இருந்தாப் போதும், ஒடிக்க வேண்டாம்.

வலேட்டாவாசி

ஐயோ இவ்ளோ பேர் பேசுவீங்கன்னு எதிர்பாக்கல. டீச்சர் சொன்னீங்கன்னு இன்னைக்கு சாயங்காலமே போனேன், ரோட்டைத் தாண்டி ரவுண்டானாக்குள்ள போறதே ஒரு சாகசம், ஒரு பஸ் டிரைவர் ஹாரன் அடிச்சு என்னவோ கத்துனாரு. கீழ விழுந்து கிடந்த காய்ஞ்ச தலை ரெண்டு எடுத்துட்டு வந்தேன். வெளிய செதில் செதிலா, ஒவ்வொரு செதில் நுனிலயும் குட்டியா பிரஷ் மாதிரி மயிர். ஒண்ணைப் பிரிச்சா உள்ள மெத்துனு வெள்ளை முடி, நடுவுல பழுப்புக் கலர்ல வழவழன்னு சில விதை, நகத்தால அழுத்துனா கெட்டியா இருக்கு. ரெண்டாவதுல ஓரமா ஒரு பொத்தல். உள்ள பாத்தா முழுக்கப் பழுப்புத் தூளு, விதை எல்லாம் கூடு மாதிரி வெறும் தோலு, ஒரு மூலைல அரிசி அளவுகூட இல்லாத வெளிர்ப் புழு ஒண்ணு சுருண்டு கிடக்கு. அடச்சே ரவுண்டானாவுலயும் வந்துட்டானா.

ஆபீஸ்ல அவர்கிட்ட போய் இதைச் சொன்னேன், நேத்து வரைக்கும் பேசாதவர் உக்காந்து அரை மணி நேரம் பேசுறாரு. கோஸோல ஜெனரல் பாறைன்னு ஒண்ணு இருக்காம், அங்கயும் ஒரு அரிய செடிக்கு மாவீரர் காலத்துல காவல் போட்டாங்களாம். அது இதே செடியா வேறயா?

செடிகிறுக்கன்

அது வேற செடி ப்ரோ, ஆனா அந்தக் கதையைச் சொல்லாம இந்த இழை முடியக் கூடாது. கோஸோ தீவுல துவெய்ரா வளைகுடா வாசல்ல கடலுக்குள்ள தனியா நிக்குற பாறை, சுமார் 60 மீட்டர் உயரம், ஃபங்கஸ் ராக்னு டூரிஸ்ட் வரைபடத்துல இருக்கும். பக்கத்துல அஸ்யூர் விண்டோன்னு ஒரு பாறை வளைவு இருந்து 2017 மார்ச்ல புயல்ல விழுந்துச்சே, அதே ஏரியா. அந்தப் பாறை மேல சைனோமோரியம் காக்சினியம் வளரும். கரும் சிவப்புக் கலர்ல தண்டு மட்டும் தரைல இருந்து நீட்டிக்கிட்டு நிக்கும், இலை கிடையாது, பச்சையம் கிடையாது, உப்பு மண்ணுல வளர்ற வேற செடியோட வேர்ல ஒட்டி உறிஞ்சுற ஒட்டுண்ணி. காளான்னு நினைச்சு மால்ட்டா காளான்னே கூப்பிட்டாங்க, ஆனா அது சாட்சாத் பூச்செடி, அந்தத் தண்டு முழுக்கக் கடுகு சைஸ் பூவுதான்.

ரத்தக் கலர்ல இருக்கே, அப்போ ரத்தப்போக்கை நிறுத்தும்னு அந்தக் கால வைத்தியத்துல ஒரு நம்பிக்கை. சீதபேதிக்கும் குடுத்தாங்க. மால்ட்டாவை ஆண்ட செயின்ட் ஜான் மாவீரர்கள் இதைப் பொக்கிஷமா வச்சுக்கிட்டு ஐரோப்பிய ராஜாக்களுக்குப் பரிசா அனுப்புவாங்க. 1746ல அவங்க தலைவர், கிராண்ட் மாஸ்டர் பிண்டோ, அந்தப் பாறைப் பக்கம் யாரும் போகக்கூடாதுன்னு உத்தரவு போட்டாரு, மீறுனா கப்பல்ல துடுப்பு வலிக்கிற தண்டனை. ஏறாம இருக்க பாறை ஓரத்தையே செதுக்கி வழவழப்பாக்கிட்டாங்க. இவங்க ஆளு மட்டும் கரைல இருந்து பாறைக்குக் கயிறு கட்டி ஒரு பெட்டியில உக்காந்து தொங்கிட்டே போய்ப் பறிச்சுட்டு வருவாரு.

வெள்ளாட்டுக்காரன்

யோவ் செம கதை! கயித்துல தொங்கிட்டுப் போய் மருந்து பறிக்கறது நம்ம மலைத்தேன் எடுக்குறவங்களுக்குத் தம்பி போல.

பைரவி_தாவரவியல்

ஒரு விஷயம் சேர்த்துக்கறேன். சைனோமோரியம் மால்ட்டாவுக்கு மட்டும் சொந்தம் இல்ல, மத்தியதரைக் கடல் ஓரமா பல நாட்டுல இருக்கு, கிழக்க மத்திய ஆசியா வரைக்கும் போகுது, சீன வைத்தியத்துல அதோட பங்காளி ஒண்ணு இன்னும் விக்குது. அதுக்குப் போட்ட காவல்ல நூத்துல ஒரு பங்குகூட நிஜமான உள்ளூர்ச் செடிக்கு அந்தக் காலத்துல யாரும் போடல, மருந்துன்னு பேர் வரலையே. ஆனா காவல் போட்டதுல ஒரு எதிர்பாராத லாபம், அந்தப் பாறை மனுஷன் கால் படாம கிடந்து இப்போ இயற்கை காப்பிடமா இருக்கு, கோஸோவுக்கு மட்டுமே சொந்தமான ஹெலிக்ரைசம் மெலிடென்ஸ்ங்கற வாடாமலர் வகை அங்க நல்லா இருக்கு.

பாறைமேல்_பூங்குருவி

நான் பறவை பாக்குறவன், செடில வாய வைக்கக் கூடாதுன்னு சும்மா படிச்சுட்டு இருந்தேன். மால்ட்டாவோட தேசியப் பறவையும் இதே பாறை ஆளுதான், நீலப் பூங்குருவி, மெரில்னு சொல்லுவாங்க. அங்க வருஷம் பூரா இருக்கும். அதோட இன்னொரு கிளையினம் குளிர்காலத்துல மேற்குத் தொடர்ச்சி மலைக்கே வருது, பாறை, கோயில் கோபுரம், டேம் சுவர்னு தனியா உக்காந்திருக்கும் பாருங்க அதே சாயல்.

வலேட்டா ப்ரோ, அடுத்த வருஷம் அங்க வர பிளான் இருக்கு. காட்டுச் செடி எந்தப் பாறைல எந்த இடத்துல இருக்குன்னு கரெக்டா லொக்கேஷன் போட முடியுமா? கூகுள் பின் இருந்தா நல்லது.

பைரவி_தாவரவியல்

பின் எல்லாம் இங்க போட வேண்டாம் ப்ளீஸ். பொது இழை, யார் யார் படிக்கறாங்கன்னு தெரியாது. வியத் பாபு பேர் எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு, நடைபாதை விட்டு எறங்காம பைனாகுலர்ல பாத்தாலே தெரியும். பறவை பாக்குறவர்கிட்ட பைனாகுலர் இல்லாமலா இருக்கும். இந்த உடைஞ்ச கல் சரிவுல கால் வச்சா நாத்து மேலதான் மிதிப்போம், சறுக்கி விழுந்தா அது தனி.

பாறைமேல்_பூங்குருவி

கரெக்ட். கழுகு கூட்டுக்கு நாங்களும் பின் போட மாட்டோம், பழக்க தோஷத்துல கேட்டுட்டேன். பூ எந்த மாசம்?

வலேட்டாவாசி

மே கடைசில இருந்து ஜூலை வரைக்கும்னு ஆபீஸ்காரர் சொல்றாரு, ஜூன் நடுவுல வந்தா நிச்சயம். ஆகஸ்ட்ல வராதீங்க, எல்லாம் காய்ஞ்சு கிடக்கும், வெயில்ல நீங்களும் காய்ஞ்சுருவீங்க. பாறைக்குப் போக முடியலைன்னா ஃப்ளோரியானால ஆர்கோட்டி தாவரவியல் தோட்டம் இருக்கு, மால்ட்டாவுக்கே உரிய செடிங்க சிலது அங்க வச்சிருக்காங்கன்னு சொன்னாரு, நான் இன்னும் போகல.

இன்னொரு சந்தேகம் டீச்சர். நான் பிரிச்ச தலைல நல்ல விதை கொஞ்சம் இருக்கு, தூக்கிப் போட மனசு வரல. அதை என்ன பண்றது? பால்கனில போட்டா சட்டப்படி தப்பா?

பைரவி_தாவரவியல்

நட்டு வச்ச செடில இருந்து உதிர்ந்ததுதான், ஆனாலும் பாதுகாக்கப்பட்ட வகை, அந்த ஊர் விதி என்னன்னு சுற்றுச்சூழல் துறைக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுருங்க, பதில் போடுவாங்க. அதுவரைக்கும் காகிதக் கவர்ல போட்டு காய்ஞ்ச இடத்துல வைங்க, பிளாஸ்டிக் கவர் வேண்டாம் ஈரம் கட்டிரும். முக்கியமா ஒண்ணு, பால்கனில வளர்த்த செடியைப் பாசத்துல கொண்டு போய்க் காட்டுப் பாறைல நட்டுறாதீங்க. நர்சரிச் செடியோட வம்சம் எங்க இருந்து வந்ததுன்னு தெரியாது, கோஸோ விதை மால்ட்டா பாறைல கலந்தா பின்னாடி ஆராய்ச்சி பண்றவங்களுக்குத் தலைவலி.

வரப்பு

வலேட்டா தம்பி, அந்தப் புழுவை என்ன பண்ணுன?

வலேட்டாவாசி

தீப்பெட்டில போட்டு வச்சிருக்கேன் அண்ணே. என்ன அந்துப்பூச்சியா வெளிய வருதுன்னு பாக்கணும், வந்தா போட்டோ போடுறேன், யாராவது பேர் கண்டுபிடிங்க.